செக்குமாடு என்று சொன்ன சொந்தங்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 40 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் போட்டோ ஒன்று சுற்றியது. கூடத்தில் ஒரு டிரெட்மில். அதன் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே ஒரு பலகை. பலகை மேல் செய்தித்தாள். நான் மஃப்ளரும் டிராக் பேண்ட்டுமாக நடந்துகொண்டே படிக்கிறேன். அதற்குக் கீழே ஒருவர் "செக்குமாடு" என்று எழுதினார். இன்னொருவர், "ரிட்டயர் ஆனவருக்குப் பொழுது போகவில்லை" என்றார். என் தங்கை, "பனிக்காலத்துல சும்மா ஒரு இடத்துல உட்காருங்களேன் அண்ணா" என்று உருகினாள். அவள் மகன், "மாமா, நல்ல ரிக்ளைனர் ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டான்.

முதல் இரண்டும் கேலி. ரசித்தேன். கடைசி இரண்டும் பாசம். அதுதான் ஆபத்து. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் வயதானவர்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தால் போதும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஒரு சட்டம் போல ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் ஊர்க் குளிர்காலம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சிகாகோவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் ஜனவரியில் வாசலில் பனியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் காரை எடுக்கிறான். வலங்கைமானில் மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் காதை மூடிக்கொள்கிறோம். நம்மை முடக்குவது குளிர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தெருவெல்லாம் சேறு. குடமுருட்டிக் கரையில் நடந்தால் வழுக்கும். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது பூச்சி பொட்டு மேட்டுக்கு ஏறும். மார்கழியில் ஐந்தரை மணிக்கு மூடுபனி. கும்பகோணம் – மன்னார்குடி சாலையில் ஓரமாக நடந்தால், வருகிற பஸ்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். தையில் அறுவடை தொடங்கிவிட்டால் சாலையில் பாதி நெல் காயும், மீதியில் வண்டி ஓடும். மனிதன் நடக்க இடம் எங்கே?

ஆக, ஐப்பசி முதல் தை வரை நான்கு மாதம். வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு. 60 வயதில் ரிட்டயர் ஆன ஒருவர் இந்த நான்கு மாதமும் உட்கார்ந்தே கழித்தால், 70 வயதுக்குள் அவர் உட்கார்ந்த காலம் 40 மாதம். அதாவது மூன்று வருஷம் நான்கு மாதம். கணக்கு வாத்தியார் சொல்கிறேன், இந்தக் கணக்கில் தப்பு இல்லை.

"உட்கார்ந்தால் என்ன சார்? பொங்கலுக்கு அப்புறம் நடந்துக்கலாமே?" என்பீர்கள். நடக்கக் கால் இருக்க வேண்டும். என் பெரியக்காவுக்கு 74 வயது. இரண்டு வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில், "வழுக்கும்மா, வெளியே போகாதே" என்று பிள்ளைகள் பாசத்தோடு கட்டிலில் உட்கார வைத்தார்கள். காபி கட்டிலுக்கு வந்தது. டிபன் கட்டிலுக்கு வந்தது. ரிமோட் கையில் இருந்தது. ஒரு நோயும் இல்லை, ஒரு காய்ச்சலும் இல்லை. பொங்கலன்று கோலம் போட வாசலில் குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவர் அழுதது வலியால் இல்லை.

இது விதி இல்லை, உடம்பின் கணக்கு. 2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. சராசரி 67 வயதான, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பத்தே நாளில் அவர்கள் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. படுத்தே கிடப்பதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றில்லைதான். ஆனால் இரண்டும் ஒரே சாலையில் இருக்கும் இரண்டு ஊர்கள். அக்கா அந்தச் சாலையில்தான் நான்கு மாதம் போனார்.

இன்னொரு பழைய சான்று. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து வெளியிட்டார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அடுத்த முறை கும்பகோணம் பஸ்ஸில் ஏறும்போது இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிரெட்மில் விஷயத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து மூன்று டிரெட்மில்கள் இருந்தன. எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவை. மழைக்காலத்தில் அவற்றில் இரண்டின் மேல் துணி காய்ந்தது. மூன்றாவதை நான்கு வருஷம் கழித்துப் பழைய இரும்புக்குப் போடப் போனார்கள். நான் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

பிள்ளைகளா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மிஷின் வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பட்டனை அழுத்தத் தெரியாமல் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிஷம் நடக்க அவருக்கு மனசு வரவில்லை. அதில் அவர் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சும்மா நடப்பது உண்மையிலேயே ஒரு தண்டனைதான். சரித்திரத்தைப் பாருங்கள்.

1818இல் வில்லியம் கபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரம் செய்தார். கைதிகள் மணிக்கணக்கில் அதில் ஏறிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் மேலே போக மாட்டார்கள். சில சிறைகளில் அது மாவு அரைத்தது. சில சிறைகளில் காற்றைத் தவிர எதையும் அரைக்கவில்லை. கொடுமை தாங்காமல் 1898இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். டிரெட்மில் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. நம் நாட்டிலும் 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைத்தார்கள். செக்கு என்ற சொல்லைக் கேலிக்கு எடுக்கும் முன் அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் கிராமங்களில் இன்னொரு நடையும் இருந்தது. ஏற்றம். கிணற்று மேட்டில் துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். சால் கீழே இறங்கித் தண்ணீர் மொண்டு மேலே வரும். அவரும் ஒரே இடத்தில்தான் நடந்தார், ஒரு ஊருக்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பாட்டுப் பாடியே சால் கணக்கு வைத்தார். அவரை யாரும் கைதி என்று சொல்லவில்லை.

சிறை மிதிசக்கரமும் ஏற்றமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான். வித்தியாசம், நடையின் முடிவில் என்ன கிடைக்கிறது, யார் விருப்பத்தில் நடக்கிறோம் என்பதில். அதனால்தான் பலகை போட்டேன். பலகை மேல் பேப்பர் இருக்கிறது. சுடோகு இருக்கிறது. பக்கத்துத் தெருப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டு இருக்கிறது. வேலை முன்னால் இருந்தால் கால் தன் பாட்டுக்கு நடக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் என்ற மருத்துவர் இதைப் பிரபலமாக்கினார். 2007இல் அவர் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்து வேலை செய்தபோது மணிக்கு 72 கலோரி செலவானது. மிக மெதுவாக நடந்தபடி வேலை செய்தபோது 191 கலோரி. வித்தியாசம் 119. இதைக் கேட்டதும், "அப்படின்னா ஆறு மாசத்துல இளைச்சிடலாமா சார்?" என்று கேட்காதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 15 பேர்தான், அதுவும் உடல் பருத்தவர்கள். ஒல்லியான தஞ்சாவூர் வாத்தியாருக்கு அதே 119ஐப் பொருத்தினால் அது கணக்கு இல்லை, விளம்பரம். இளைப்பதற்காக நான் நடக்கவில்லை. தையில் என் காலில் நான் நிற்க வேண்டும், அதற்காக நடக்கிறேன்.

இனி நீங்கள் எடுத்து வைக்கும் சாக்குகளை வரிசையாகத் திருத்துகிறேன்.

முதல் சாக்கு: "ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கணுமாம், நம்மால முடியாது, அதனால விட்டாச்சு." அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருஷம், 1965இல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்றது. அதன் பெயருக்கே பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். பெயராக வந்த எண் வேதமாகிவிட்டது. 100 மார்க் வாங்க முடியாது என்று பரீட்சையே எழுதாமல் போனவனை நான் வகுப்பில் எப்படித் திட்டுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது சாக்கு, வீட்டுப் பெண்களைப் பற்றி ஆண்கள் சொல்வது: "அவங்களுக்கு எதுக்கு நடை? வீட்டு வேலையே எக்சர்சைஸ்." அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் உலக்கையும் இருந்த காலத்து வசனம் இது. இன்று மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு. உழைப்பின் அலுப்பு அப்படியே இருக்கிறது, அசைவு மட்டும் போய்விட்டது. அடுப்பு முன்னால் மூன்று மணி நேரம் நிற்பது காலை வீங்க வைக்கும், நடையாகாது. 2024இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமம் வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் போதுமான உடலசைவு இல்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம். வீட்டு வேலையே போதும் என்றால் இந்த எண் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் மாலை நான்கிலிருந்து நாலரை வரை மிஷின் என் துணைவியாருக்கு. அந்த அரை மணி நேரம் காபி போடுவது என் வேலை. அவர் அதே பலகையில் பூ கட்டியபடி நடக்கிறார். நேரம் ஒதுக்கிக் கொடுக்காமல் "நீயும் நடக்கலாமே" என்று சொல்வது அறிவுரை இல்லை, இன்னொரு வேலைச் சுமை.

மூன்றாவது சாக்கு என் ஐ.டி. பிள்ளைகளுடையது: "மீட்டிங் மேல மீட்டிங் சார், நேரமே இல்லை." காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நாற்காலியில் இருக்கிறீர்கள். 2012இல் வெளியான ஒரு ஆய்வில், தொடர்ந்து உட்கார்ந்தே இருந்தவர்களைவிட, 20 நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து 2 நிமிஷம் நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை குறைவாக ஏறியது. இரண்டு நிமிஷம். மீட்டிங்கில் நீங்கள் பேசாத நேரம் அதைவிட அதிகம். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிப் பேர் என்றது. அந்த வரிசையில் என் பழைய முதல் பெஞ்ச் பிள்ளைகள் நாற்பது வயதிலேயே போய் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

நான்காவது சாக்கு: "விடியக்காலைல நடந்தாத்தான் நடை." இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இது ஆபத்தான பிடிவாதம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மார்கழியில் வெயில் வந்த பிறகு நடந்தால் குறைந்துவிடாது. மழை விட்ட மாலை நாலு மணி நல்ல நேரம்தான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பலகை போட்ட மிஷினில் நான் வைக்கும் வேகம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர். அரை அரை மணியாக நான்கு தடவை, ஆக 3 கிலோமீட்டர். இது உட்காரும் நேரத்தை உடைக்கும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரம் 150 நிமிஷமாவது ஓரளவு மூச்சு வாங்கும் நடை. 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி. அதற்குப் பலகையைக் கழற்றிவிட்டு வேகமாகத் தனியே நடக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். நம் பாட்டிமார்கள் பாயிலும் மணையிலும் உட்கார்ந்து ஒரு நாளைக்கு முப்பது முறை எழுந்தார்களே, அதை இப்போது பயிற்சி என்று பெயர் வைத்துச் செய்கிறோம்.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் செய்முறை. பலகை கைப்பிடி அகலத்தைவிட இரண்டு பக்கமும் நான்கு விரல் நீளமாக இருக்கட்டும். முழங்கையை மடக்கினால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் பலகையின் உயரம். கைப்பிடி தாழ்வாக இருந்தால் அடியில் கட்டை கொடுங்கள். கயிறு வேண்டாம், ஆசாரியிடம் சொல்லி இரும்புப் பட்டை போட்டு முடுக்குங்கள். எனக்குப் பலகை, கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். அவசரத்துக்கு நிறுத்தும் சாவியின் கயிற்றைச் சட்டையில் மாட்டாமல் ஏறக்கூடாது. வேட்டி, புடவைத் தலைப்பு, துப்பட்டா பெல்ட்டில் சிக்கும், எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு ஏறாதீர்கள். மிஷினுக்குப் பின்னால் ஆறு அடி காலியாக விடுங்கள். பேரன் பேத்தி இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஐப்பசி இடி இடிக்கும்போது ஓட்டவே வேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் முதலில் காட்டுங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி, கால் மரத்துப்போதல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

மிஷின் இல்லையா? நல்லது, செலவு மிச்சம். நம் பக்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை எங்கள் வீடு 90 அடி. போய் வந்தால் 180 அடி, ஏறக்குறைய 55 மீட்டர். ஐம்பத்தைந்து தடவை போய் வந்தால் 3 கிலோமீட்டர். எண்ணிக்கைக்கு ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குப் புளியங்கொட்டை மாற்றுங்கள். ஏற்றக்காரர் பாட்டில் வைத்த கணக்கை நீங்கள் கொட்டையில் வையுங்கள்.

அரசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். அதுவும் நல்லதே. ஆனால் வலங்கைமான் கிழவிக்கு 8 கிலோமீட்டர் எதற்கு? வீட்டு வாசலிலிருந்து 400 மீட்டருக்குத் தண்ணீர் தேங்காத ஓரம், எரிகிற தெருவிளக்கு, வண்டி ஏறாத நடைபாதை கொடுத்தால் போதும். டிரெட்மில் வாங்க முடிந்தவன் கூடத்தில் நடந்துகொள்வான். ஒண்டுக் குடித்தனத்தில் ஓட்டு வீட்டில் இருப்பவர் எங்கே நடப்பார்? என் மாணவர்களில் கவுன்சிலர், ஒப்பந்தக்காரர், பொறியாளர் எல்லாரும் இருக்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்குத்தான்.

கடைசியாக ரிக்ளைனர் அனுப்பத் துடிக்கும் மருமகனுக்கு. தம்பி, நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் தெரியுமல்லவா? பங்குனியில் மகா மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுக்கும் ஊர். பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்டவர் பிழைத்து வந்து, பாடையில் படுத்து, நாலு பேர் தோளில் சன்னதிக்குப் போய், எழுந்து தன் காலில் நடந்து வீட்டுக்கு வருவார். படுக்கிறவரை எழுப்பி அனுப்புவது இந்த ஊர் வழக்கம். நடக்கிறவனைப் பிடித்துப் படுக்க வைக்காதே அப்பா. அந்தக் காசில் உன் அம்மாவுக்கு ஒரு நல்ல கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடு. ஊருக்கு வரும்போது அவளோடு ஒரு அரை மணி நேரம் நட.

எல்லாருக்கும் வீட்டுப்பாடம். இன்று இரவு படுக்கும் முன், இன்று எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவரையே கேட்டு அதற்குக் கீழே எழுதுங்கள். இரண்டு எண்ணையும் கமெண்டில் போடுங்கள். காப்பி அடித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.